எதிரொளிப்புத் தொலைநோக்கி: காணும் முறையும் காட்சியும்

தமிழ்த்துறை மலரில் தொலைநோக்கிக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருத்தல் கூடும். அவ்வினாவிற்கு விடையாக எம் வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறித் தொடங்குகிறோம். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகச் சங்க இலக்கியத்தில் வரும் கோள், மீன் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து ஆய்ந்தவர் யாம். வெள்ளி என்றும் செவ்வாய் என்றும் ஆதிரை என்றும் அறுமீன் என்றும் ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதியுள்ளோம். 2023 சனவரியில் ஒருநாள், இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் ஆதிரையைப் பற்றி விரித்துரைத்துக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இன்றிரவு மாடியில் நின்று பார்த்தால் அது எந்தப் பக்கம் தெரியும்?" என்று கேட்டார். எமக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் அன்று வரவில்லை. "அது பாடத்திற்குப் புறம்பானது" என்று கூறி அமரச் செய்தோம். வகுப்பு முடிந்து வெளியே வந்த பின்னரும் அம்மறுமொழி எம்மை உறுத்திக்கொண்டே இருந்தது.

உறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எம் இல்லத்துப் பரணில் ஒரு தொலைநோக்கி அப்போது ஐந்தாண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்தது.

வளைகுடா நாட்டில் பணியாற்றும் எம் மைத்துனர் 2017-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு ஊர் வந்தபோது அதைக் கொண்டுவந்தார். 114 மி.மீ. விட்டமுள்ள ஆடியும் 900 மி.மீ. குவியத் தொலைவும் உடைய எதிரொளிப்புத் தொலைநோக்கி அது. பெட்டியின்மேல் சனிக்கோளின் வண்ணப்படமும் '675 மடங்கு பெருக்கம்' என்ற பெரிய எழுத்தும் இருந்தன. பெருநாள் கழிந்த மூன்றாம் இரவு குடும்பத்தினர் அனைவரும் மொட்டை மாடியில் கூடினர். 675 மடங்கு என்று எழுதியிருக்க அதற்குக் குறைவாக ஏன் காணவேண்டும் என்று எண்ணி, மிகச் சிறிய கண்ணருகு வில்லையையும் மும்மடங்காக்கும் இடைவில்லையையும் ஒருங்கே பொருத்தினோம். ஒருமணி நேரம் குழலை ஆட்டியும் அசைத்தும் பார்த்ததில் ஒருமுறை மட்டும் வெண்மையான ஏதோ ஒன்று நடுங்கியபடி கடந்து சென்றது. அது நிலவு என்று பின்னர் ஊகித்தோம். எழுபத்தைந்து அகவையில் கைப்பிடிச் சுவரைப் பற்றிப் படியேறி வந்திருந்த எம் தாயார் கண் வைத்துப் பார்த்துவிட்டு, "வெறுங்குழாயாகத்தானே இருக்கிறது வாப்பா" என்றார்கள். மறுநாள் அது பரண் ஏறியது.

அந்த 2017-ஆம் ஆண்டில்தான் சனியின் வளையங்கள் நம்மை நோக்கி மிக அகன்று சாய்ந்து நின்றன என்பதைப் பின்னரே அறிந்தோம். 2020 திசம்பர் 21 அன்று மாலை வியாழனும் சனியும் நிலவின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு தொலைவுக்கு நெருங்கி, ஒரே காட்சி வட்டத்துள் தோன்றின. அன்றும் எம் கருவி பரணிலேயே இருந்தது. குறை கருவியில் இல்லை, காணும் முறை அறியாமையில்தான் என்பதை அந்த மாணவரே எமக்குக் காட்டினார். பரண் பொருளைக் கேள்வியுற்று, ஒரு விடுமுறை நாளில் இல்லம் வந்து, துடைத்து, பகல் வெளிச்சத்திலேயே அதைச் செப்பஞ்செய்தார். அன்றுமுதல் யாம் கற்றவற்றை, இத்தகைய சிறு கருவியை வாங்கியோ பரிசாகப் பெற்றோ வைத்திருக்கும் இல்லங்களுக்குப் பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதுகிறோம்.

கருவியின் அமைப்பு

தொலைநோக்கி இருவகைப்படும். முகப்பில் பெரிய வில்லையைக் கொண்டு ஒளியை வளைத்துக் குவிப்பது ஒருவகை. அடியில் குழி ஆடியைக் கொண்டு ஒளியைத் திருப்பிக் குவிப்பது மற்றொரு வகை. பின்னதையே எதிரொளிப்புத் தொலைநோக்கி என்கிறோம். இவ்வகையில் செயற்பட்ட முதற் கருவியை 1668-இல் ஐசக் நியூட்டன் தம் கைகளாலேயே செய்தார். ஆடியை வார்த்ததும் தேய்த்ததும் அவரே. அக்கருவியின் நீளம் ஏறத்தாழ ஒரு சாண்தான். அன்று ஆடி செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தாலானது. இன்று கண்ணாடியின் மேற்பரப்பில் அலுமினியப் பூச்சு இடப்படுகிறது.

குழிந்த ஆடியில் பட்ட ஒளி எங்கே குவியும் என்னும் கணக்கு நியூட்டனுக்கு ஆறு நூற்றாண்டுகள் முன்னரே பேசப்பட்டது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம், கோள வடிவ ஆடி, பரவளைய ஆடி இரண்டைப் பற்றியும் தனித்தனி நூல் செய்தார். கோள ஆடி தன்மேற் படும் ஒளியை ஒரே புள்ளியில் குவிப்பதில்லை, பரவளைய ஆடியே குவிக்கிறது என்னும் உண்மை இன்று தொலைநோக்கி வாங்குவோர்க்கும் வேண்டப்படுவது. நீண்ட குவியத் தொலைவுடைய சிறு கருவியில் கோள ஆடி இருப்பினும் பிழை புலப்படாது. எம் கருவி அத்தகையதே. குவியத் தொலைவு குறுகிய கருவியாயின் பரவளைய ஆடி என்று உறுதி செய்துகொண்ட பின்னரே வாங்குதல் வேண்டும். குழலின் நீளம் இரண்டு சாணே இருக்க, குவியத் தொலைவு 1000 மி.மீ. என்று எழுதப்பட்டிருப்பின், கண் வைக்கும் குழாயினுள் ஒரு வில்லையை மறைத்து வைத்து நீளத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மலிவான கருவிகளில் அவ்வமைப்புப் பெரும்பாலும் தெளிவைக் கெடுத்துவிடுகிறது. எம் மைத்துனர் அறிந்தோ அறியாமலோ நல்லதையே தேர்ந்திருந்தார்.

ஒளி குழலின் திறந்த வாய் வழியே நுழைந்து, அடியிலுள்ள குழி ஆடியில் பட்டுத் திரும்பி, வாயருகே சாய்ந்து நிற்கும் சிறு சமதள ஆடியில் மோதிப் பக்கவாட்டில் வெளியேறுகிறது. ஆகவே கண்ணை வைக்கவேண்டிய இடம் குழலின் அடியன்று, மேற்பக்க விலா. (முதலிரவில் எம் உறவினர் ஒருவர் அடியில் கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.) காட்சி தலைகீழாகத் தோன்றும். விண்ணில் மேலேது, கீழேது? அதனால் குறையொன்றும் இல்லை.

தமிழ்நாட்டில் சவ்வாது மலையில் காவலூரில் 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியும் எதிரொளிப்பு வகையே. அதன் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. நம் 114 மி.மீ. அதன் முன் சிறு துளி எனினும், இருளில் விரிந்த மனிதக் கண்மணியின் 7 மி.மீ. விட்டத்தோடு ஒப்பிட்டால் இருநூற்றறுபது பங்குக்கு மேல் ஒளியைத் திரட்டித் தருவது. கருவியின் உண்மையான வலிமை இதில்தான் இருக்கிறது.

பெட்டியின்மேல் எழுதிய எண்

உருப்பெருக்கம் காணும் கணக்கு எளிது. ஆடியின் குவியத் தொலைவைக் கண்ணருகு வில்லையின் குவியத் தொலைவால் வகுத்தல் வேண்டும். 25 மி.மீ. வில்லையால் 900-ஐ வகுக்க 36 மடங்கு. 10 மி.மீ. வில்லைக்கு 90 மடங்கு. 4 மி.மீ. வில்லைக்கு 225 மடங்கு. அதை மும்மடங்காக்கினால் பெட்டியின் 675 வந்துவிடும். கணக்குப் பொய்யன்று. பயன்தான் இல்லை. ஆடி திரட்டிய ஒளி ஓர் அளவே. அதை விரிக்க விரிக்கக் காட்சி மங்கும். 90 மடங்கில் தெரியும் நிலவின் ஒளியில் ஐம்பதில் ஒரு பங்குகூட 675 மடங்கில் எஞ்சாது. அத்துடன் காற்றின் நடுக்கமும் முக்காலியின் அதிர்வும் அதே அளவு பெருகும். புவி சுழல்வதால் காணும் பொருள் இருபது நொடிக்குள் காட்சி வட்டத்தைக் கடந்தோடிவிடும்.

ஆடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதன் இருமடங்கே பெருக்கத்தின் உச்ச எல்லை என்பது அனுபவமுடையோர் கொள்ளும் அளவு. எம் கருவிக்கு அது 228. நம் ஊர் வானில் 150-ஐத் தாண்டிய பெருக்கம் பயன்பட்ட இரவுகள் எமக்கு மிகச் சிலவே. பெரும்பான்மைக் காட்சிகளை 36 மடங்கிலும் 90 மடங்கிலுமே கண்டுள்ளோம். எப்பொருளையும் முதலில் மிகப் பெரிய எண் எழுதிய வில்லையால், அதாவது மிகக் குறைந்த பெருக்கத்தால், தேடிப் பிடித்து நடுவில் நிறுத்திய பின்னரே அடுத்த வில்லைக்குச் செல்லுதல் வேண்டும். இவ்வொரு விதியை 2017-இல் அறிந்திருந்தால் எம் தாயார் அன்றே நிலவைக் கண்டிருப்பார்கள்.

பகலில் செய்யவேண்டியவை

இரவில் கருவி தோற்பதற்குப் பெரும் காரணம் பகலில் அதை ஒழுங்கு செய்யாமையே. பெருங்குழலின்மேல் ஒட்டிய சிறு தேடுகுழல் பெருங்குழல் காணும் திசையையே காணவேண்டும். எம்முடையது இரு பாகை விலகி நின்றது. நிலவின் விட்டம் அரைப் பாகைதான் என்பதைக் கருதினால் இப்பிழையின் அளவு விளங்கும். மாணவர் வந்த அன்று மாலை, ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிவாசல் மினாராவின் உச்சிப் பிறையை 36 மடங்கில் பெருங்குழலின் நடுவில் நிறுத்தினார். பின்னர்ப் பெருங்குழலை அசையாது பூட்டிவிட்டு, தேடுகுழலின் மூன்று திருகாணிகளையும் மாறி மாறித் திருகி, அதன் குறுக்குக் கோடு அதே பிறையில் படுமாறு செய்தார். 90 மடங்கில் மீண்டும் சரிபார்த்தார். பத்து நிமிடம் பிடித்தது. ஐந்தாண்டுகளாக எம்மைத் தடுத்தது இப்பத்து நிமிட வேலையே. நீர்த்தேக்கத் தொட்டி, கைப்பேசிக் கோபுரம், பனையின் தலை என எதுவும் இதற்கு உதவும். அருகிலுள்ள பொருள் மட்டும் ஆகாது. கதிரவன் நிற்கும் திசைப்பக்கமும் திரும்பலாகாது.

அடுத்தது ஆடிகளின் நேர்மை. வில்லையைக் கழற்றிவிட்டு அக்குழாயின் நடுவே கண் வைத்துப் பார்த்தால் வட்டத்துள் வட்டமாக ஆடிகளின் உருவங்கள் தெரியும். அவை ஒரே மையத்தில் அமைதல் வேண்டும். சுமந்து செல்லும்போது ஏற்படும் குலுக்கலில் இது பிசகுவது இயல்பு. கண் நடுவில் நிற்பதற்கு, குழாயைச் சரியாக மூடும் மூடி ஒன்றின் மையத்தில் சிறு துளையிட்டுக்கொள்வது நல்லது. முதலில் சிறு ஆடியைச் சரிசெய்து, பின்னர் அடியிலுள்ள பெரிய ஆடியின் திருகாணிகளைச் சிறிது சிறிதாகத் திருப்புதல் வேண்டும். இரவில் ஒரு விண்மீனைக் குவியத்திலிருந்து சற்றே விலக்கிப் பார்த்தால் ஒளி வளையங்கள் தோன்றும். அவை ஒருமையமாக இருப்பின் ஆடிகள் நேராக உள்ளன. மேலைநாட்டு நூல்கள் இச்சோதனைக்கு வடமீனைப் பரிந்துரைக்கின்றன, அது நகராது நிற்பதால். நமக்கோ அது தொடுவானத்திற்கு மேல் பத்துப் பாகை அளவில் தூசிக்குள் கிடக்கிறது. தலைக்கு மேலுள்ள மீனையே நாம் கொள்ளவேண்டும்.

தாங்கியைப் பற்றியும் இத்தகைய இடர் உண்டு. சாய்ந்த அச்சுடைய தாங்கியில் அச்சை நம் ஊரின் அகலாங்கு அளவுக்குத் தாழ்த்தி வடக்கு நோக்கி வைத்தால், ஒரு திருகைச் சுழற்றியே பொருளைத் தொடர்ந்து காணலாம். திருச்சிராப்பள்ளிக்கு இது ஏறத்தாழ 11 பாகை, சென்னைக்கு 13. ஐரோப்பியரை எண்ணிச் செய்த தாங்கிகளில் அச்சை இவ்வளவு தாழ்த்தும்போது எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கிறது. தண்டு இரு கால்களுக்கு இடையே வருமாறு முக்காலியைத் திருப்பி வைத்தே யாம் சமாளிக்கிறோம். மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் அசையும் எளிய பெட்டித் தாங்கியாயின் இத்தொல்லையே இல்லை. சான் பிரான்சிசுகோ நகரில் வேதாந்தத் துறவியாக வாழ்ந்த ஜான் டாப்சன் ஒட்டுப்பலகையால் செய்து பரப்பிய எளிய தாங்கி அது. 1968 முதல் அவரும் நண்பர்களும் தெருவோரத்தில் தொலைநோக்கியை நிறுத்தி வழிப்போக்கர்க்கு வானைக் காட்டினர். புதிதாக வாங்குவோர்க்கு யாம் பரிந்துரைப்பதும் அதுவே. முக்காலி உடையோர் அதன் கால்களை நீட்டாமல், நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் உயரத்தில் வைத்து, நடுவில் மணல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டால் அதிர்வு பெரிதும் அடங்கும்.

இடமும் காற்றும்

மொட்டை மாடி வசதியானது என்று எண்ணுகிறோம். பகல் முழுதும் வெயில் குடித்த காரைத்தளம் முன்னிரவில் அனலை மேலெழுப்பிக்கொண்டே இருக்கும். அந்த அனலூடே காணும் நிலவு, அடுப்பின் மேற்காற்றூடே காணும் சுவர்போல் நெளியும். மண் தரையோ புல்தரையோ சிறந்தது. மாடியைத் தவிர வேறிடம் இல்லையெனில் இரவு பத்து மணிக்குப் பின் காணலாம். கருவியும் வெளிக்காற்றின் வெப்ப நிலையை அடைதல் வேண்டும். ஆடி சூடாக இருப்பின் குழலுக்குள்ளேயே காற்று கலங்கும். எனவே அரைமணி முதல் ஒருமணி நேரத்திற்கு முன்பே வெளியே வைத்துவிடுதல் முறை. யாம் மஃரிபு தொழுகைக்குப் புறப்படும்போது குழலை முற்றத்தில் வைத்துவிட்டு, இஷாவுக்குப் பின் காணத் தொடங்குகிறோம்.

விண்மீன்கள் மிகுதியாக மின்னும் இரவு பார்ப்பதற்கு அழகு, தொலைநோக்கிக்குத் தீது. மின்னுதல் காற்றின் கலக்கமே. மீன்கள் அசையாது ஒளிரும் இரவே கோள்களைக் காண ஏற்றது. பொருள் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவுக்குக் காட்சி தெளியும். தொடுவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் நிற்கும் பொருளின் ஒளி, உச்சியில் நிற்பதைப்போல் இருமடங்கு காற்றைக் கடந்து வருகிறது. இவ்வகையில் தமிழ்நாட்டார் பேறு பெற்றவர்கள். இலண்டனில் இருப்பவர்க்கு எட்டாத உயரத்தில் வியாழனும் சனியும் நமக்குத் தலைக்கருகே கடக்கும் ஆண்டுகள் பல.

கண்ணுக்கும் காலம் வேண்டும். இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். இடையில் கைப்பேசியை ஒருமுறை ஒளிரவிட்டால் பழக்கம் முழுதும் வீணாகும். கைவிளக்கின் முகத்தில் சிவப்பு வண்ணத்தாளைச் சுற்றிப் பயன்படுத்தலாம். மங்கலான பொருளை நேரே நோக்காமல் சற்றே விலகி நோக்கினால் அது துலங்கும். மங்கிய ஒளியை உணரும் நுண்ணுறுப்புகள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும் உள்ளன. கடைக்கண் பார்வையைக் காதலுக்கே உரியதாகக் கற்பித்துவந்த எமக்கு இது புதுப்பாடமாயிற்று.

ஒரு கண்டிப்பு

தொலைநோக்கியால் கதிரவனை ஒருபோதும் காணலாகாது. ஒரு நொடியில் பார்வை நிலையாக அழியும். சில கருவிகளுடன் கண்ணருகு வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடி தருகிறார்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கக் கூடியது. எம்முடையதை உடைத்து எறிந்துவிட்டோம். குழலின் வாயை முழுதும் மூடும் முறையான வடிதாள் இன்றிக் கதிரவன் பக்கம் திரும்பவே கூடாது. தேடுகுழலும் தீங்கு செய்யும். தலைப்பிறை தேடும் மாலைகளில் இவ்வெச்சரிக்கை நம் இல்லங்களுக்கு இன்னும் இன்றியமையாதது. மெல்லிய பிறை கதிரவனுக்கு அருகிலேயே நிற்கும். கதிரவன் முற்றிலும் மறைந்த பின்னரே குழலை மேற்கே திருப்புதல் வேண்டும். கருவியால் கண்ட பிறை மாதக் கணக்குக்குக் கொள்ளத்தக்கதா என்பது மார்க்க அறிஞர்கள் ஆராயும் பொருள். அதில் யாம் புகவில்லை.

காணத்தக்கவை

முதலில் நிலவு. ஆனால் முழுநிலவு அன்று. அன்று ஒளி நேரே விழுவதால் நிழலே இராது. தேய்த்த வெள்ளித் தட்டுப்போல் கண் கூசும். ஒளியும் இருளும் கூடும் எல்லைக்கோட்டில்தான் மலைகளும் பள்ளங்களும் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். நான்காம் பிறை தொடங்கிப் பத்தாம் பிறை வரை ஒவ்வோர் இரவும் அக்கோடு நகர்ந்து புதிய நிலப்பரப்பைக் காட்டும். ஏழாம், எட்டாம் பிறையில் 90 மடங்கில் நிலவின் நடுப்பகுதியைக் காண்பவர்க்கு ஒரு வியப்பு உண்டு. ஏறத்தாழ 130 கி.மீ. அகன்ற ஒரு வட்டப் பள்ளத்தின் பெயர் அல்பத்தானி. அதற்குத் தென்மேற்கே நடுவில் குன்றுடன் தோன்றும் பள்ளம் தொலெதோ நகரில் வாழ்ந்த அல் சர்க்காலியின் பெயரைத் தாங்குகிறது. அதையடுத்துச் சற்றுத் தெற்கே பாக்தாதில் பணியாற்றிய தாபித் இப்னு குர்ராவின் பெயரால் ஒரு பள்ளம் உண்டு. அவற்றுக்குத் தென்கிழக்கே அல் சூஃபி. 1651-இல் ரிச்சியோலி என்னும் இத்தாலியப் பாதிரியார் நிலவின் பள்ளங்களுக்கு வானியல் அறிஞர்களின் பெயரைச் சூட்டியபோது இவர்களையும் மறவாது சேர்த்தார். இலத்தீன் வடிவில் திரிந்திருப்பதால் படத்தில் பெயர் கண்டுபிடிப்பது மட்டும் சற்றுக் கடினம்.

வியாழனை 36 மடங்கில் நோக்கினால் நான்கு துணைக்கோள்கள் ஒரு வரிசையில் மணிகோத்தாற்போல் தோன்றும். 1610-இல் கலீலியோ கண்டவை அவையே. முன்னிரவில் அவற்றின் இருப்பைத் தாளில் வரைந்துவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தால் மாற்றம் தெரியும். 90 மடங்கில் கோளின்மீது இரு கரும்பட்டைகள் புலப்படும். முதல் நோக்கில் அல்ல, ஐந்து நிமிடம் பொறுமையாகக் கண் வைத்திருந்தால். காற்று ஒரு கணம் அசைவற்று நிற்கும்போது நுண்மைகள் மின்னி மறையும். அக்கணத்திற்காகக் காத்திருப்பதே கோள் காணும் கலை.

சனியின் வளையம் 36 மடங்கிலேயே தெரியும். எம் தாயார் அதை 2023-இன் இறுதியில் கண்டார்கள். அப்போது வளையங்கள் பெரிதும் சாய்வு குறைந்து, முத்தின் நடுவே குத்திய ஊசிபோல் மெலிந்திருந்தன. "தொப்பி வைத்தாற்போல் இருக்கிறது" என்றார்கள். 2025 மார்ச்சில் அவை விளிம்பு காட்டி நின்று, மறுபுறம் விரியத் தொடங்கியுள்ளன. 2017-இல் பரணேற்றிய அகலத்தில் அவற்றை மீண்டும் காண 2032 ஆகும். அப்போது எம் தாயார்க்கு அகவை தொண்ணூறு.

இனி ஆதிரை. திசம்பர் முதல் மார்ச் வரை முன்னிரவில், ஒரே நேர்கோட்டில் நெருங்கி நிற்கும் மூன்று மீன்களை எவரும் காணலாம். அவற்றுக்கு வடக்கே செந்நிறத்தில் ஒளிர்வது திருவாதிரை. தெற்கே நீலவெண்மையாய் ஒளிர்வது மேலைநாட்டார் ரைஜல் என வழங்குவது. 'ரிஜ்ல்' என்னும் அரபுச் சொல்லுக்குக் கால் என்று பொருள். தொலைநோக்கியில் ஆதிரை பெரிதாகத் தெரியும் என்று எதிர்பார்த்த யாம் ஏமாந்தோம். விண்மீன்கள் அத்துணைத் தொலைவின. எப்பெருக்கத்திலும் அவை புள்ளியே. ஆயினும் அச்செம்மை வெறுங்கண்ணால் காண்பதினும் ஆழ்ந்திருந்தது. மூன்று மீன்களுக்குக் கீழே மங்கலாய்த் தோன்றும் இடத்தில் குழலைத் திருப்பினால், சிறகு விரித்த பறவைபோல் ஒரு சாம்பல்நிறப் புகைப்படலமும் அதன் நடுவே நெருங்கிய நான்கு மீன்களும் தெரியும். புதிய விண்மீன்கள் பிறக்கும் முகில் அது. இதழ்களில் அச்சிடும் செந்நிறமும் ஊதாவும் கண்ணுக்குத் தெரியா. அவை ஒளிப்படக் கருவி நெடுநேரம் ஒளி திரட்டித் தருபவை. இதை முன்னரே சொல்லாவிடில் மாணவர்கள் வாடிவிடுகிறார்கள்.

ஆதிரைக்கு மேற்கே உரோகிணி. மேலைநாட்டார் வழங்கும் அல்டிபரான் என்னும் பெயர் 'பின்தொடர்வோன்' எனப் பொருள்படும் அரபுச் சொல். எதைப் பின்தொடர்கிறது? முன்னே செல்லும் கார்த்திகைக் கூட்டத்தை. நம் முன்னோர் அறுமீன் என்றதை அரபியர் சுரையா என்றனர். எம் வகுப்பில் அப்பெயருடைய மாணவியர் பலர் பயின்றுள்ளனர். தம் பெயர் வானில் எங்குள்ளது என்று அவர்களுக்குக் காட்டாது அனுப்பினோம். மிகக் குறைந்த பெருக்கத்தில் கார்த்திகையைக் கண்டால் ஆறு மீன் பல பத்தாகப் பெருகும். பெருக்கத்தைக் கூட்டினால் கூட்டம் வட்டத்துள் அடங்காது.

தெற்கு வானத்தை மேலைநாட்டு வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன, அவர்களுக்கு அது தெரியாமையால். நாம் விடலாகாது. அகத்தியர் மீன் என நம் மரபு சொல்வதும் சுஹைல் என அரபு மாலுமிகள் திசை கொண்டதும் ஒன்றே. பிப்ரவரி மாலைகளில் அது தெற்கே ஒளிரும். ஏப்ரல், மே இரவுகளில் தென்வானில் ஒமேகா செந்தாரி என்னும் பெரும் மீன்திரள் பஞ்சுப் பொதிபோல் தோன்றும். பல இலட்சம் விண்மீன்கள் திரண்ட அதனை எம் கருவி மங்கிய மாப்பொடித் தூவலாகக் காட்டுகிறது. ஊர் விளக்குகளை விட்டு விலகிச் சென்றால் இன்னும் துலங்கும்.

ஆடியில் தூசி படிந்தால் பலரும் செய்வது துணியால் துடைப்பது. அப்பூச்சு மயிரிழையினும் மெல்லியது, மேற்பரப்பிலேயே இருப்பது. ஒருமுறை துடைத்த கீறல் என்றும் போகாது. தூசி காட்சியை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. மார்கழிப் பனியில் ஈரம் படிந்தால் நிழலில் உலரவிட்டு, முற்றும் உலர்ந்தபின் மூடிவைத்தல் போதும்.

எம் துறை மாணவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, மழையற்ற மாதங்களில் ஏழாம் பிறை மாலைதோறும் இஷாவுக்குப் பின் கல்லூரி விளையாட்டுத் திடலின் மேற்கு மூலையில் இக்கருவியை வைக்க இசைந்துள்ளோம். ஆசிரியரும் பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் வரலாம். முதியவர்கள் அமர்ந்து பார்க்க நாற்காலி உண்டு. கைப்பேசியை அணைத்து வருமாறு வேண்டுகிறோம். வானம் மூடியிருப்பின் மறுநாள்.